தொண்ணூற்றாறாம் பக்கத்துச் சிரிப்பு

இது நடந்தபோது பதிமூன்று புத்தகங்கள் எழுதியிருந்தேன். பதிமூன்றிலும் கடத்தல்காரர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். போலீஸ் ஒருமுறைகூடச் சரியான நேரத்துக்கு வந்ததில்லை. அவர்கள் வந்துவிட்டால் அப்புறம் பத்து வயசுப் பிள்ளைகளுக்கு என்ன வேலை? என் கதைகளில் வரும் அம்மாக்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் குகைக்கு அனுப்பிவைக்கிற புண்ணியவதிகள். நிஜத்தில் என் மகளைத் தெருமுனைக் கடைக்கு அனுப்புவதற்கே நான் பத்துத் தடவை யோசிப்பேன்.

தொடரின் பெயர் 'நால்வர் படை'. தலைவன் பெயர் கேப்டன். கண்ணாடி போட்ட அறிவாளியின் பெயர் கண்ணாடி. பெயர் வைப்பதற்கெல்லாம் நான் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. சிறுமி ஒருத்தி உண்டு, வாலு. நாலாவது ஆள் ரேடியோ. அவனுக்குப் பேச்சு திக்கும். "பா... பா... பாம்பு" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பாம்பே சலித்துப்போய்க் கிளம்பிவிடும். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அவன் எதையாவது சொல்லத் திணறுவான். கேப்டன் அவன் காதைப் பிடித்துத் திருகி, "ஸ்டேஷனை மாத்துடா ரேடியோ" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். ரேடியோவும் சேர்ந்து சிரிப்பான். முற்றும்.

ரேடியோ பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகும். ஆறு தாள் சேர்ந்தால் தொண்ணூற்றாறு பக்கம், ஒரு புத்தகம். எனக்கோ எண்பத்தெட்டு, தொண்ணூறிலேயே மூச்சு வாங்கிவிடும். மிச்சத்தை எதைப் போட்டு நிரப்புவது? முதல் புத்தகத்தின்போதுதான் வழி கண்டுபிடித்தேன். ஒருவனைத் திக்க வைத்தால் ஒரு வார்த்தை நிற்கிற இடத்தில் மூன்று நிற்கும், நடுவில் புள்ளிகள் வேறு. இரண்டு பேர் பேசிக்கொண்டால் அரைப் பக்கம் ஓடிவிடும்.

பக்கங்களைக் கம்ப்யூட்டரில் கோத்து அச்சகத்துக்கு அனுப்புகிறவரை எங்கள் பதிப்பகத்தில் எல்லோரும் அக்கா என்பார்கள். அவரைவிடப் பதினைந்து வயது மூத்த பதிப்பாளருக்கும் அவர் அக்காதான். "மேடம், தொண்ணூத்தாறுல ஏழு வரி குறையுது" என்று அவர் போன் செய்வார். "ரேடியோவை இன்னும் கொஞ்சம் திக்க வைங்க அக்கா" என்பேன். எங்கே, எந்த எழுத்தில் என்பதையெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். ஆறு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் சமூகப் பிரச்சினை வந்து சேர்ந்தது. வெறும் சாகசத்தைப் பள்ளிகள் வாங்குவதில்லை, உள்ளே ஒரு கருத்தும் இருக்க வேண்டும் என்று பதிப்பாளருக்கு யாரோ ஓதிவிட்டார்கள். அவர் ஒரு பட்டியல் போட்டார். ஒரு புத்தகத்துக்கு ஒரு பிரச்சினை. ஒன்பதாவதில் பிளாஸ்டிக். பதினொன்றில் செல்போன் மோகம். பன்னிரண்டில் பெண் சமத்துவம். அதற்கு முன்பெல்லாம் வாலு மற்றவர்களுக்கு சாண்ட்விச் கட்டிக்கொடுப்பாள். பன்னிரண்டாவதில் சாண்ட்விச்சும் கட்டிக்கொடுத்து, டார்ச் லைட்டையும் பிடித்தாள்.

"பதினாலாவதுக்குப் பகடிவதை, மேடம்" என்றார் பதிப்பாளர். "எல்லா ஸ்கூல்லயும் இப்ப அதைத்தான் கேக்குறாங்க. உங்க பொண்ணு படிக்கிற ஸ்கூல்லயே வெளியீடு. பிள்ளைக்கு ஒரு காப்பி."

பகடிவதை எனக்கு ஜுஜுபி. கரடி என்று ஒரு முரட்டுப் பையனை உண்டாக்கினேன். பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்குவான், முதுகில் குத்துவான். தனியாகக் குகைக்குள் போய் மாட்டிக்கொள்வான், தண்ணீர் ஏறும், கேப்டன் கயிற்றைப் போட்டு இழுப்பான். எண்பத்துநாலாம் பக்கத்தில் கரடி திருந்திவிடுவான். என் புத்தகங்களில் யார் திருந்துவதானாலும் எண்பத்துநாலாம் பக்கத்தில்தான், அதற்கு மேல் இடம் கிடையாது. கடைசிப் பக்கத்தில் கேப்டன் வழக்கம்போல ரேடியோவின் காதைத் திருகுவான், ஸ்டேஷனை மாற்றச் சொல்லுவான். திருந்திய கரடியும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பான். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

கடைசித் திருத்தத்துக்காக ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அக்காவின் அறைக்குப் போனேன். மாடியில் சின்ன அறை. ஜன்னலோரம் கம்ப்யூட்டர், மூலையில் ஃபிரிட்ஜ் உயரத்துக்கு ஒரு பிரிண்டர், சுவர் நெடுகப் பழைய புரூஃப் கட்டுகள். பிரிண்டருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, அட்டை மாதிரிகளின் ஓரத்தைப் பிளேடால் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"என் பொண்ணு மேடம்" என்றார் அக்கா. "உங்க பொண்ணோட கிளாஸ்தான்."

"அப்படியா? இன்னைக்கு ஸ்கூல் இருக்கே."

அக்கா பதில் சொல்வதற்குள் பிரிண்டர் ஒரு தாளைக் கடித்துக்கொண்டது. அவர் அதை இழுக்கப் போய்விட்டார். நான் சிறுமியின் பக்கம் திரும்பினேன். வாசகர்களிடம் பேசும்போது எனக்கென்று ஒரு குரல் உண்டு, தேனில் தோய்த்தது.

"என் கதையெல்லாம் படிப்பியா கண்ணு?"

நறுக்கிப்போட்ட காகிதத் துண்டு ஒன்றை எடுத்து, 'படிப்பேன்' என்று எழுதிக் காட்டினாள்.

"நாலு பேர்ல யாரை ரொம்பப் பிடிக்கும்?"

அந்தத் துண்டை ஸ்கேலுக்கு அடியில் வைத்து இரண்டாக நறுக்கினாள். வயசுக்கு மீறின திமிர் என்று நினைத்துக்கொண்டேன். பிரிண்டரிடமிருந்து தாளை மீட்டு வந்த அக்கா, கடைசிப் பக்கத்தில் நாலு வரி குறைகிறது என்றார்.

"இதுக்குப் போய் என்னைக் கேக்கணுமா? ரேடியோவை நாலு வரி திக்க வைங்க" என்றேன்.

பிளேடு நின்றது. அதையும் பார்த்தேன். எழுத்தாளர் வேலை செய்வதை நேரில் பார்த்து அசந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் வீட்டில் என் மகளிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "அக்காவோட பொண்ணு உன் கிளாஸாமே. ஏன் ஸ்கூலுக்கு வரல?"

"எந்த அக்கா?" என்று யோசித்துவிட்டு, "ஓ, ரேடியோவா?" என்றாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அணைக்கவில்லை.

"அந்தப் பேரு நான்தாம்மா வெச்சேன்" என்றாள் என் மகள். வீட்டுச் சொத்தை எடுத்துப் பயன்படுத்திய பெருமை அவள் முகத்தில் இருந்தது. "அவளுக்குத் திக்கும். மொதல்ல அவளுக்கே அந்தப் பேரு பிடிச்சிருந்துச்சு. ரேடியோன்னு கூப்பிட்டா சிரிச்சுக்கிட்டே ஓடி வருவா. ரெண்டு நாள் கழிச்சு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா. அப்புறம் டீச்சர் வாய்ப்பாடு சொல்லச் சொன்னாங்களா, ஏழாவதுல நின்னுட்டா. ஸ்டேஷனை மாத்துன்னு எல்லாரும் சொன்னோம். அழுதுட்டா. அதுல இருந்து வர்றதில்ல."

"அப்படிச் சொல்றது தப்புன்னு உனக்குத் தெரியலையாடி?"

"கேப்டன் சொல்றான்ல? கேப்டன் நல்லவன்தானே?" நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள். "நான் என்ன கரடியா? நான் யாரையும் குத்தல, டப்பாவைப் பிடுங்கல. உன் புக்ல ரேடியோவும் சேர்ந்துதானே சிரிப்பான். இவதான் சிரிக்க மாட்டேங்கிறா."

கையை ஓங்கிவிட்டேன். பகடிவதை கூடாது என்று தொண்ணூற்றாறு பக்கம் எழுதிய அதே கை. பாதியில் இறக்கினேன். எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் எண்பத்துநாலாம் பக்கம்தான் என்பதால், அவளை உட்காரவைத்து ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தேன். மூன்று இடத்தில் நானே திருத்தியும் கொடுத்தேன்.

மறுநாள் காலை கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். சிறுமி அதே முக்காலியில் இருந்தாள். கடிதத்தை வாங்கி முழுசாகப் படித்தாள். நோட்டிலிருந்து கிழித்த தாள், ஒரு ஓரம் பிசிறாக இருந்தது. ஸ்கேலை வைத்துப் பிசிறை நறுக்கிவிட்டு, நேர்த்தியாக மடித்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். கதையில் என்றால் இந்த இடத்தில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அக்கா என்னைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"பேச ஆரம்பிச்சதுல இருந்தே அவளுக்குத் திக்கும் மேடம். மொத புக்கு வந்தப்ப அஞ்சு வயசு. அம்மா பண்ணுற புக்கைப் படிச்சுக் காட்டுன்னு நின்னா. அதை எப்படிப் படிச்சுக் காட்டுறது? ரேடியோ பேசுறதையெல்லாம் நேராக்கினேன். கடைசில வர்ற சிரிப்பைத் தூக்கிட்டேன். ஒரு காப்பி பிரிண்ட் எடுத்து, நானே தைச்சு, அட்டை போட்டுக் குடுத்தேன். பதிமூணு புக்கும் அவ அப்படித்தான் படிச்சா."

"நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே அக்கா."

"என்னன்னு சொல்றது? உங்க கதை." அவர் படிக்கட்டுக் கம்பியைத் துடைப்பது போலத் தடவினார். "அவளுக்கு ரேடியோன்னா உசுரு. நாலு பேர்ல கெட்டிக்காரன் அவன்தானே மேடம். பாம்பை மொதல்ல பாக்குறது அவன். குகை வாசலைக் கண்டுபிடிக்கிறது அவன். கடத்தல்காரன் பொய் தாடி வெச்சிருக்கான்னு சொல்றதும் அவன்."

எனக்கு அது தெரியாது. ஆபத்தான நேரத்தில் ஒருவன் திக்கினால்தான் பக்கம் நகரும் என்பதற்காக எல்லாவற்றையும் அவன் கண்ணில் காட்டியிருந்தேன். ஆறு வருஷமாக என் கதையின் நாயகன் யார் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

"உங்க பொண்ணு ரேடியோன்னு கூப்பிட்ட அன்னைக்கு வீட்டுக்கு வந்து குதிச்சா மேடம். நான் கெட்டிக்காரின்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சும்மான்னா. நானும் வாயை மூடிக்கிட்டேன். மூணாம் நாள் ஸ்கூல் லைப்ரரில உங்க புக்கைப் பார்த்துட்டா. ஒரு வாரத்துல பதிமூணையும் தேடிப் படிச்சிருக்கா. வாய்ப்பாடு விஷயம் நடந்த அன்னைக்கு வந்து என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. இவனை யாரும்மா இப்படிப் பேச வெச்சதுன்னு. நீங்க போன்ல சொல்வீங்க, சரி. ஒவ்வொரு புள்ளியா வெச்சது என் கைதானே? நான்தான்னு சொன்னேன். அதுதான் அவ கடைசியாப் பேசினது. மூணு வாரம் ஆச்சு. எல்லாம் சீட்டுல எழுதிக் காட்டுறதுதான். இந்த மாசத்துக்குள்ள வரலைன்னா பேரை எடுத்துடுவோம்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க."

எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. நேராகப் பதிப்பாளர் அறைக்குப் போனேன். ரேடியோ திக்குவதை எடுத்துவிட வேண்டும், கடைசிச் சிரிப்பு வேண்டாம், நாலு நாள் கொடுங்கள், வேறு எழுதித் தருகிறேன் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். மேஜையில் இருந்த பென்சில் டப்பாவை என் பக்கம் தள்ளினார். மூடியில் வாயைப் பிளந்தபடி ரேடியோ, பக்கத்தில் மூன்று புள்ளிகள்.

"பிள்ளைங்களுக்கு இவனைத்தான் மேடம் ரொம்பப் பிடிக்கும். இவன் வாயை அடைச்சா நம்ம வாய்க்குச் சோறு ஏது? பகடிவதைக்குத்தான் கரடி இருக்கானே. ஒரு புக்குக்கு ஒரு பிரச்சினை. திக்குறது மாற்றுத்திறன்ல வரும்." பட்டியலை விரலால் தடவிப் பார்த்தார். "அது பதினாறாவது. அதுல ரேடியோவை ஆத்துல தள்ளிவிடுங்க, அதிர்ச்சில பேச்சு சரியாயிடட்டும். அருமையா இருக்கும்."

சிங்கத்தைப் போல உள்ளே போன நான், "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அட்டைப்படத்தில் என் பெயர் அவருடைய பெயரைவிடப் பெரிதாக இருக்கும். உள்ளே நடப்பது வேறு.

மாடிக்குப் போய், "பதினாறாவதுல பார்த்துக்கலாமாம் அக்கா" என்றேன்.

"சரிங்க மேடம்." அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். "அப்ப அச்சகத்துக்கு அனுப்பிடவா?"

"அனுப்பிடுங்க."

"அனுப்பிடட்டுமா மேடம்?" என்று இன்னொரு முறையும் கேட்டார். எதை அனுப்பப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை.

வெளியீட்டு நாள். பள்ளி அரங்கில் முந்நூறு பிள்ளைகள். அச்சகத்திலிருந்து கட்டுகள் நேராக அங்கேதான் வந்து இறங்கின. பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். மேடையில் எனக்கும் ஒன்று தந்தார்கள். வழக்கம்போல என் பெயரைப் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக உள்ளேயும் பார்த்தேன்.

ரேடியோ திக்கவில்லை. "தண்ணி ஏறுது, கரடி உள்ளே இருக்கான், கயிறு வேணும்" என்று ஒரே மூச்சில் சொன்னான். கயிற்றைப் போட்டதும் கரடி வெளியே வந்தான். எண்பத்துநாலாம் பக்கத்தில் அவன் திருந்துவதும் அப்படியே இருந்தது. காது திருகல் இல்லை, சிரிப்பு இல்லை. தொண்ணூறோடு கதை நின்றுவிட்டது, அதற்கு மேல் ஆறு பக்கம் வெள்ளையாகக் கிடந்தன.

பக்கத்து நாற்காலியில் பதிப்பாளரும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் முகமும் ரத்தம் வற்றி அந்தப் பக்கங்களின் நிறத்துக்கு வந்தது. தலைமை ஆசிரியை, "கடைசில ஒண்ணுமே இல்லையே சார்" என்று குனிந்து கேட்டார். நம் ஆள் எங்கே தள்ளிவிட்டாலும் பூனை மாதிரி காலில் வந்து நிற்கிறவர். எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"முடிவை நாங்க எழுதல. பிள்ளைங்களே எழுதணும். அதுதான் இந்தப் புத்தகத்தோட புதுமை. இந்த யோசனை முழுக்க நம்ம எழுத்தாளர் அம்மாவோடது."

கைதட்டல் அரங்கத்தைத் தூக்கியது. நான் எழுந்து கும்பிட்டேன். அக்கா கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. இங்கே எழுதுகிறேன், அன்றைக்குச் சொல்லவில்லை.

அக்காவுக்கு முன்னால், கடைசி வரிசை ஓரத்தில், சீருடை போட்டுக்கொண்டு அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். "இந்தத் தடவை எல்லார் கையிலயும் உன் புக்குதான் இருக்கும்" என்று சொல்லித்தான் அவளை அழைத்துவந்தாராம். நம்பாமல் பார்க்க வந்திருக்கிறாள். பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தையும், முன்வரிசைப் பிள்ளையின் புத்தகத்தையும் எட்டி எட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுமையை உடனே நடைமுறைப்படுத்தாவிட்டால் தலைமை ஆசிரியைக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. அரை மணி நேரம் தருகிறேன், முடிவை எழுதுங்கள், விருப்பமுள்ளவர்கள் வந்து படியுங்கள் என்றார். எட்டுப் பேர் படித்தார்கள். ஆறு பேர் கடத்தல்காரனை மறுபடியும் பிடித்தார்கள். ஒருவன் கரடியைப் போலீஸ் ஆக்கினான். ஒருத்தி எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தாள்.

ஒன்பதாவதாக அக்காவின் மகள் எழுந்தாள். அக்கா அவள் தோளைத் தொட்டார், வேண்டாம் என்பதற்கா, போ என்பதற்கா தெரியவில்லை. மேடைக்கு வந்து மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். புத்தகத்தைப் பிரித்தாள். அரங்கில் சலசலப்பு. யாரோ ஒரு பையன், "ரேடியோ" என்றான்.

"ரே... ரே... ரேடியோ சொன்னான்" என்று அவள் படிக்க ஆரம்பித்தாள். "ப... பதிமூணு தடவை நீ... நீங்க சிரிச்சீங்க. நா... நானும் சேர்ந்து சி... சிரிச்சேன்."

இரண்டாவது வரிசையில் இரண்டு பேர் கிளுக்கென்று சிரித்தார்கள். அவள் நிறுத்தினாள். அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்தாள். நான் என் மகளைத் தேடினேன். அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒ... ஒரு தடவைகூட எ... எ... எனக்குச் சிரிப்பு வரல. பா... பாம்பு இருக்குன்னு சொ... சொன்னேன். நீங்க பா... பாம்பைப் பாக்கல. எ... என் வாயைப் பார்த்தீங்க. இ... இனிமே நீங்களே பா... பார்த்துக்கோங்கன்னு சொல்லிட்டு ரே... ரேடியோ வீட்டுக்குப் போ... போயிட்டான். மு... முற்றும்."

இதைப் படிக்க அவளுக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனது. என் கணக்கில் ஒன்றரைப் பக்கம். புத்தகத்தை மூடிக்கொண்டு படி இறங்கிப் போய், தன் வகுப்பு வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது என் மகளுக்குப் பக்கத்து நாற்காலி. அடுத்த நாளும் அவள் பள்ளிக்கு வந்தாள் என்று மகள் சொன்னாள். தன்னோடு இன்னும் பேசுவதில்லை என்றும் சொன்னாள். மறுபடியும் போய் மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லவில்லை, கடிதத்தைத் திருத்திக் கொடுக்கவும் இல்லை. என்ன செய்வதென்று அவளே யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அக்காவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுமை நன்றாக விற்கிறது, புதுமையை யாராவது வேலையை விட்டு நீக்குவார்களா? போன வாரம் பதிப்பாளர் போன் செய்தார். பதினைந்தாவது கைப்பிரதியைப் படித்துவிட்டுப் பதறிப்போயிருந்தார்.

"என்ன மேடம், இதுல மூணு பேர்தான் இருக்காங்க. குகை வாசலைக் கண்டுபிடிக்கவே நாப்பது பக்கம் ஆயிடுச்சு. ரேடியோ எங்கே?"

"வீட்டுக்குப் போயிட்டான் சார்" என்றேன்.